கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய்கள்: வருமுன் காப்பது எப்படி?

(சுயதொழில் உதவி பெற்ற குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய நலக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை, வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



 

நம் அறக்கட்டளை தரும் சுயதொழில் உதவிகளில் தையல் இயந்திரம் உண்டு, ஆடு உண்டு, கோழியும் உண்டு. தையல் இயந்திரம் பழுதானால் சரி செய்யலாம். ஆட்டுக்கு நோய் வந்தால் மருத்துவர் வருவதற்குள் ஓரிரு நாளாவது கிடைக்கும். கோழி அப்படி இல்லை. திங்கட்கிழமை ஒரு கோழி கூண்டோரம் ஒடுங்கி நிற்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் கூண்டு காலியாகிவிடும். பத்துக் கோழியை நம்பி, முட்டை விற்று, பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு அந்த நான்கு நாள் போதும், பழைய நிலைக்கே திரும்புவதற்கு. ஆகவேதான் இன்று வேறு எதையும் பேசாமல் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறோம்.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் பெரும்பாலான நோய்கள் வைரஸ் நோய்கள். அவை வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியா என்னும் கிருமியைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. கோழி சாகத் தொடங்கியதும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைப்பவர்கள் நம்மில் பலர். சில நேரம் கூடவே வரும் இன்னொரு கிருமியை அது அடக்கலாம். அதற்கு மேல் பயன் இல்லை, பணம்தான் செலவு. வைரஸ் நோய்க்கு நம் கையில் உள்ளவை இரண்டே: நோய் வருமுன் தடுப்பூசி, நோய் வந்தபின் அது பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுப்பது.

வெள்ளைக்கழிச்சல்

நம் ஊர்களில் கோழிக்கு எமன் யார் என்றால் வெள்ளைக்கழிச்சல்தான். கோழிக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். ராணிக்கெட் என்பது வடக்கே உத்தராகண்ட் மாநிலத்தில், குமாவுன் மலையில் உள்ள ஓர் ஊர். 1920-களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டார்கள். உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. பெயர் எதுவானாலும் நோய் ஒன்றே.

அடையாளங்களைக் கவனமாகக் கேளுங்கள். கோழி தீனி எடுக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தூங்குவதுபோல நிற்கும். எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ நீர்த்துப் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கொர் கொர் என்று சத்தம் வரும். முட்டையிடும் கோழி திடீரென்று முட்டையை நிறுத்தும். இட்டாலும் ஓடு மெல்லியதாக இருக்கும். சில கோழிகளுக்குக் காலும் இறக்கையும் வாதம் வந்ததுபோல இழுத்துக்கொள்ளும். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் திரும்பிவிடும். தடுப்பூசி போடாத கோழிகளில் வீரியமான வைரஸ் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு, சில நேரம் மொத்தமும் போய்விடும். பிழைக்கும் ஒன்றிரண்டும் கழுத்துத் திருகியபடியே நடமாடும்.

கிருமி உடம்பில் புகுந்த பிறகு அடையாளம் தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாளாகும். சில நேரம் இரண்டே நாளில் தெரியும், சில நேரம் இரண்டு வாரமும் ஆகும். சந்தையில் வாங்கும்போது கோழி துள்ளிக்கொண்டுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும், அது நோயையும் சுமந்து வந்தது என்று. அதற்குள் வீட்டில் இருந்த கோழிகள் எல்லாம் அதே தண்ணீர்த் தட்டில் குடித்திருக்கும்.

நம் பகுதியில் கோடை தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் இந்த நோய் தலைதூக்குவது வழக்கம். தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் இரு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது இதற்காகத்தான். அந்த முகாமில் தடுப்பூசி இலவசம். புறா, வான்கோழி, கினிக்கோழி ஆகியவற்றையும் இந்த நோய் தாக்கும். மாடியில் புறா வளர்க்கும் பிள்ளைகளும் இதை மனதில் வைக்க வேண்டும்.

கம்போரோ

அடுத்தது கம்போரோ. அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் கம்போரோ என்ற இடத்துக்கு அருகே முதலில் காணப்பட்டு, 1962-ல் விவரிக்கப்பட்ட நோய். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். குஞ்சுகள் நடுங்கும், ஒடுங்கிப் படுக்கும், நீர்த்த எச்சம் பின்புறத்து இறகில் ஒட்டிக் கிடக்கும்.

இதனால் சாகும் குஞ்சுகளைவிட, பிழைக்கும் குஞ்சுகளுக்கு நேரும் கேடு பெரிது. கோழியின் ஆசனவாய்க்கு அருகே பர்சா என்று ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. நோயை எதிர்க்கும் அணுக்களில் ஒரு வகை பாடம் படிக்கும் மதரஸா அது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்போரோ வைரஸ் நேராக அந்த மதரஸாவைத்தான் கொளுத்துகிறது. பாடம் படிக்காத பிள்ளைக்குப் பரீட்சையில் என்ன தெரியும்? அதன் பிறகு போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி அந்தக் குஞ்சுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. “ஊசி போட்டும் செத்துவிட்டதே” என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் இந்தக் கம்போரோதான் ஒளிந்திருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு சோப்பும் வெயிலும் பகை. கம்போரோ வைரஸ் அப்படி எளிதில் சாகாது. கொட்டகையின் கூளத்திலும் மண்ணிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய கூளத்தை அள்ளாமல் அதன் மேலேயே புதுக் குஞ்சு விட்டால் முன்தொகுதியின் நோயைப் புதுத் தொகுதிக்குச் சொத்தாக எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அம்மை, மேரக்ஸ், மூச்சுக்குழல் நோய்

கோழி அம்மையை நம் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும். கொண்டையிலும் தாடியிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் கிளம்பிக் கருத்துப் பொருக்குத் தட்டும். கண் மூடிப்போன கோழி தீனி பொறுக்க முடியாமல் மெலியும். வாய்க்குள்ளே வெள்ளைப் படலமாக வரும் வகை இன்னும் கொடியது, மூச்சை அடைத்துவிடும். கொசுவும், கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதால் ஏற்படும் புண்ணும் இதைப் பரப்பும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது புண்ணுக்கு இதம், பூசலாம். அத்துடன், கண் தெரியாத கோழிக்குத் தீனியையும் தண்ணீரையும் நாமே வாயருகில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலானவை தேறிவிடும். கூண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசுவும் குறையும், அம்மையும் குறையும்.

மேரக்ஸ் நோயை 1907-ல் முதலில் விவரித்தவர் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரக். ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயும் நீட்டிக் கோழி படுத்துவிடும். உள்ளுறுப்புகளில் கட்டி வளரும். இறகிலிருந்து உதிரும் பொடியில் இந்த வைரஸ் பறந்து பரவுகிறது. பொரித்த முதல் நாளே பொரிப்பகத்தில் ஊசி போட்டால்தான் பலன். குஞ்சு வாங்கும்போது “மேரக்ஸ் ஊசி போட்டதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் விற்பவருக்கு இருக்கட்டும்.

மூச்சுக்குழல் அழற்சி என்பது கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வருவது. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். இது கோழிக்கான கொரோனா, மனிதனுக்கு வராது. கோழி தும்மும், இருமும். முட்டைக் கோழிகளில் முட்டை குறையும். ஓடு கோணலாகவும் சொரசொரப்பாகவும் வரும். உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். முட்டைப் பண்ணைகளுக்கு இது பெரும் நட்டம்.

பறவைக் காய்ச்சல்

இதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வதந்திதான் பேசும். இந்தியாவில் கோழிகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் உறுதிசெய்யப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலத்தின் நவாப்பூரில். அதன் பின் பல மாநிலங்களில் அவ்வப்போது தலைகாட்டியிருக்கிறது. நோயுற்ற பறவையோடு நெருங்கிப் பழகும் மனிதருக்கு அரிதாகத் தொற்றக்கூடியது, தொற்றினால் கடுமையானது என்பதால் அரசு இதில் விட்டுக்கொடுப்பதில்லை. நோய் உறுதியானால் அந்த வட்டாரத்துக் கோழிகளை அழித்து, உரிமையாளருக்கு இழப்பீடு வழங்குவது நடைமுறை.

அடையாளம்: எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கூட்டமாகச் சாவு, தலை வீக்கம், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், ஊரில் காகங்களும் நீர்ப்பறவைகளும் செத்து விழுதல். இப்படிக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மற்றபடி, நன்றாக வெந்த கோழிக்கறியாலும் வெந்த முட்டையாலும் இது பரவுவதில்லை. உள்வரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் வைரஸ் செத்துவிடும். நம் வீட்டு ஆணமும் பிரியாணியும் அதைவிட எவ்வளவோ கொதித்துத்தான் இறங்குகின்றன. எங்கோ ஒரு மாநிலத்தில் நோய் என்றதும் கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்து எல்லோரும் கறி வாங்குவதை நிறுத்தினால், அடிபடுவது கறிக்கடைக்காரரும் சிறு பண்ணைக்காரரும்தான்.

தடுப்பூசி அட்டவணை

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7-ஆம் நாள்: வெள்ளைக்கழிச்சலுக்கு எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.
14-ஆம் நாள்: கம்போரோ சொட்டு மருந்து.
4-ஆம் வாரம்: லசோட்டா மீண்டும் ஒருமுறை.
6 அல்லது 7-ஆம் வாரம்: அம்மைத் தடுப்பூசி.
8-ஆம் வாரம்: வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி ஊசி.
16 முதல் 18-ஆம் வாரத்துக்குள்: ஆர்2பி மீண்டும் ஒருமுறை.

அதற்குப் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வார். ஆர்2பி வீரியம் கூடிய மருந்து. சின்னக் குஞ்சுக்கு அதைப் போட்டால் அதுவே நோயாகிவிடும். 8 வாரம் ஆகட்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது.

“ஒரே நோய்க்கு ஏன் நான்கு முறை?” என்று கேட்பீர்கள். தாய்க்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் வரும். அது குஞ்சை முதல் சில வாரங்கள் காக்கிறது. ஆனால் அதே சக்தி, நாம் கொடுக்கும் மருந்தையும் எதிரி என்று எண்ணி ஓரளவு அடித்துவிடுகிறது. தாய் தந்தது நாளுக்கு நாள் குறையக் குறைய, நாம் தருவது நிலைக்க வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பது. முதல் சொட்டோடு நிறுத்தியவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

மருந்தைக் கெடுக்காமல் கொடுப்பதும் முக்கியம். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட வைரஸ். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் போட்ட குடுவையில் எடுத்து வந்து, கலக்கிய பின் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலேறும் முன் காலையிலோ, வெயில் தாழ்ந்த மாலையிலோ போடுங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்று நீரோ கொதித்து ஆறிய நீரோ எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து கொள்ளுங்கள். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டால் எல்லாக் கோழியும் தாகத்தோடு வந்து குடிக்கும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடாதீர்கள். மருந்து வேலை செய்ய ஒன்றிரண்டு வாரமாகும். தெருவில் நோய் வந்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வரப்புக் கட்டுவது போலத்தான்.

தெருவாகச் சேர்ந்தால்தான் நடக்கும்

இனி நாம் சொல்லப் போவதுதான் இந்தக் கூட்டத்தின் நோக்கம். தடுப்பு மருந்துக் குப்பிகள் பண்ணைகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. ஒரு குப்பி நூறு கோழிக்கோ அதற்கு மேலோ வரும். உடைத்தால் அன்றே தீர்க்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய் தனியாக ஒரு குப்பியை வாங்கி, எட்டுச் சொட்டு விட்டு, மீதியைக் கொட்ட முடியுமா? முடியாது. அதனால் அவர் போடுவதே இல்லை. பக்கத்து வீட்டிலும் அப்படியே. ஏழை வீட்டுக் கோழி ஊசி இல்லாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அறியாமை காரணமில்லை. இந்தக் குப்பிக் கணக்குதான் காரணம்.

பன்னிரண்டு வீடுகள் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தால் ஒரு குப்பி போதும். ஒரு மணி நேர வேலை. அதோடு, தெருவில் உள்ள எல்லாக் கோழியும் ஊசி போட்டுக்கொண்டால் வைரஸுக்கு நுழைய வீடு இருக்காது. ஐந்து வீடு போட்டு ஏழு வீடு விட்டால், அந்த ஏழு வீட்டிலும் நோய் எரிந்துகொண்டே இருக்கும். ஊசி சரியாகப் பிடிக்காத ஒரு கோழியைத் தேடி ஐந்து வீட்டுக்கும் வரும்.

குப்பிக் கணக்குக்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கிராமத்துக் கோழிகளுக்காகத் தீனிபோலக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. பிடித்து ஊசி போட முடியாத, மரத்தில் அடையும் கோழிகளுக்கு அது பெரிய வசதி. கிடைக்கும் இடத்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம்.

நோய் வந்துவிட்டால்

இங்கேதான் நம் ஈமானுக்கும் சோதனை இருக்கிறது. ஒரு கோழி சோர்ந்து நின்றதும் முதலில் வரும் எண்ணம் என்ன? “சாவதற்குள் விற்றுவிடுவோம்.” கஷ்டப்படும் குடும்பத்துக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு, நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோழி எங்கே போகும் என்று பாருங்கள். சந்தையில் ஒரு கூடையில் இன்னும் பத்துக் கோழியோடு அடைபடும். அந்தப் பத்தும் பத்து ஊருக்குப் போகும். நாம் காப்பாற்றிய சில நூறு ரூபாய்க்கு, முகம் தெரியாத பத்து வீட்டின் கூண்டு காலியாகும். அந்தப் பத்தில் ஒரு வீடு நம்மைப் போலவே ஜகாத் பணத்தில் வாங்கிய கோழியை வளர்க்கும் வீடாகவும் இருக்கலாம்.

நோயுள்ள ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காதது ஏன் என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியும் நமக்குத் தெரியும். நோய்க் கோழியை நல்ல கோழி என்று விற்பது இந்த இரண்டுக்கும் மாறானது. அந்தப் பணத்தில் பரக்கத் இருக்காது.

“விற்க வேண்டாம் என்றால், அறுத்துச் சாப்பிடலாமா?” என்று கேட்கிறார்கள். தானாகச் செத்தது ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உயிரோடு இருக்கும் நோய்க் கோழியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். சுகாதாரப் பக்கத்தை மட்டும் நாங்கள் சொல்கிறோம். வெள்ளைக்கழிச்சல் வெந்த கறியால் மனிதருக்கு வராது. ஆனால் வந்தது வெள்ளைக்கழிச்சல்தானா, வேறா என்று நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? மேலும் அறுக்கும்போது சிந்தும் ரத்தமும், பறிக்கும் இறகும், எறியும் குடலும், கழுவிய தண்ணீரும்தான் நோயைத் தெருவெங்கும் கொண்டுபோகின்றன. காகமும் நாயும் மீதி வேலையைச் செய்துவிடும். ஆகவே வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

செய்ய வேண்டியவை இவை. சோர்ந்த கோழியை உடனே தனியே பிரியுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோய்க் கோழியிடம் கடைசியாகப் போங்கள்; பிறகு கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம். செத்த கோழியைக் குப்பையிலோ கால்வாயிலோ கிணற்றோரமோ வீசாமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூண்டையும் தட்டையும் கழுவி நல்ல வெயிலில் காயவையுங்கள். தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளியுங்கள். மூன்று நான்கு வாரமாவது கூண்டு காலியாகவே இருக்கட்டும். அதற்கு முன் புதுக்கோழி வாங்கினால் அதுவும் போகும்.

முக்கியமாக, பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். “நம் வீட்டுக் கோழிக்குச் சீக்கு வந்ததைச் சொன்னால் கேவலம்” என்று சில சகோதரிகள் மறைக்கிறார்கள். இதில் கேவலம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டால் அவர் தன் கோழியை அன்றைக்கே உள்ளே அடைத்துவிடுவார். நம் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குக் கிடைக்கும் மருந்து.

புதிதாகக் கோழி வாங்கினாலோ, உறவுக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தாலோ, இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

கறிக்கடை, பண்ணைச் சகோதரர்களுக்கு

நம் மஹல்லாவில் கறிக்கடை வைத்திருப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பேர்போன ஊர்கள். அங்கே பல்லாயிரம் கோழிகள் ஒரே கூரையின் கீழ் நிற்பதால், ஒரு பொறி விழுந்தால் மொத்தமும் எரியும். கறிக்கோழியின் ஆயுளே ஐந்து ஆறு வாரம்; அதில் ஒரு வாரம் நோயில் போனால் எடை ஏறாது, கூலியும் ஏறாது. பண்ணைக்கும் கடைக்கும் நடுவே ஓடும் கூண்டும் முட்டை அட்டையும் டயரும் செருப்பும்தான் வைரஸுக்கு வாகனம். கூண்டை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்த பிறகே திருப்பி அனுப்புங்கள். ஒரு பண்ணையில் போட்ட செருப்போடு அடுத்த பண்ணைக்குள் போகாதீர்கள். வீட்டில் நாட்டுக்கோழி வைத்திருக்கும் பண்ணைத் தொழிலாளி வேலைக்குப் போகும்போது துணி மாற்றிக்கொண்டு போகட்டும். கடைக் கழிவைச் சாலையோரமும் ஓடையிலும் கொட்டுவது நோயைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோகும். அதைக் காக்கும் பொறுப்பு கடைக்காரருக்கு உண்டு.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

சின்ன வெங்காயம், கீழாநெல்லி, மஞ்சள், சீரகம் அரைத்துக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கெடுதல் இல்லை. சோர்ந்த கோழிக்குப் பசி எடுக்க உதவலாம். தடுப்பூசிக்குப் பதிலாக மட்டும் அதை நம்பாதீர்கள்.

ஊசி போட்ட கோழியும் சாகிறதே? மருந்து குளிரில் இல்லாமல் கெட்டிருக்கலாம்; ஊசி போடும்போதே கோழிக்குள் நோய் இருந்திருக்கலாம்; குடற்புழு அதிகமாக இருக்கலாம்; குஞ்சாக இருக்கும்போது கம்போரோ தாக்கியிருக்கலாம்; அடுத்த தவணையை விட்டிருக்கலாம். காரணத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசியையே கைவிட்டுவிடாதீர்கள்.

நமக்குத் தொற்றுமா? வெள்ளைக்கழிச்சல் வைரஸோ அதன் சொட்டு மருந்தோ கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியலாம். சில நாளில் சரியாகிவிடும். சொட்டு விட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். அம்மை, கம்போரோ, மேரக்ஸ் ஆகியவை மனிதருக்கு வருவதில்லை.

நிறைவாக

கோழி உதவி பெற்ற குடும்பங்கள், பெறாத குடும்பங்கள் என்ற வேறுபாடு இல்லாமல், தெருவுக்குத் தெரு கோழிக் கணக்கு எடுக்க நம் மகளிர் குழுவினரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எத்தனை குஞ்சு, எத்தனை வாரம் ஆனது, கடைசியாக எப்போது சொட்டு விட்டது, இவ்வளவுதான் கேட்பார்கள். கணக்கு வந்ததும் கால்நடை மருந்தகத்தாரோடு பேசி, தெருவுக்கு ஒரு நாள் குறிப்போம். அன்று காலை ஃபஜ்ருக்குப் பின் கோழியைத் திறந்துவிடாமல் கூண்டிலேயே வைத்திருங்கள். அவ்வளவு ஒத்துழைப்பு போதும். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரையும் சேர்த்தே அழைக்கிறோம். வைரஸ் எந்த வீட்டு வாசலிலும் பெயர்ப்பலகை பார்த்து நிற்பதில்லை.

ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் நீங்கள் கொடுத்த பணம்தான் இந்த வீடுகளில் கோழியாக நடமாடுகிறது. கொடுத்தவர், பெற்றவர், பக்கத்தில் இருப்பவர் எல்லோரிடமும் அது அமானிதம். அதைக் காக்க நம்மால் முடிந்த முயற்சியைச் செய்வோம். முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். உழைத்து உண்ணும் இந்தத் தாய்மார்களின் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் ஊரையும் ஊரின் உயிரினங்களையும் கொள்ளை நோயிலிருந்து காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.